நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

ஆங்கிலம் பழகுவோம்



சென்ற இதழில் நடந்து முடிந்த காரியங்களை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கண்டோம். இம்முறை இனி நடக்கப் போவதைச் சொல்லும் வகையைக் காண்போம். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. வேலைக்கு மனுப் போடுகிறவர்கள், பேட்டிக்குப் போகிறவர்கள், நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறவர்கள் ஆகிய எல்லாருக்கும் வேண்டிய பாடம் இது. ஒரு கடிதத்தில் இருப்பது ஆசையா, எண்ணமா, திட்டமா, வாக்குறுதியா என்பதை ஒரே ஒரு சொல்தான் காட்டிக் கொடுக்கும். அந்தச் சொல் தெரியாமல் போனால் நட்டம் நமக்குத்தான்.

பயப்படத் தேவையில்லை. இந்தப் பாடத்தின் பாதி நமக்கு ஏற்கெனவே தெரியும். எப்படி என்கிறீர்களா? தமிழில் நாம் தினமும் சொல்வதைக் கவனியுங்கள்.

"நான் போவேன்."
"நான் நாளைக்குப் போகிறேன்."
"நான் போகப் போகிறேன்."

மூன்றும் எதிர்காலத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் மூன்றும் ஒன்றா? இல்லை. ஆங்கிலத்திலும் இதே மூன்று உண்டு.

"ஐ வில் கோ."
"ஐ ஆம் கோயிங் டுமாரோ."
"ஐ ஆம் கோயிங் டு கோ."

நாம் 'செய்யப் போகிறேன்' என்று 'போ' என்ற சொல்லைக் கடன் வாங்கி எதிர்காலம் சொல்கிறோம். ஆங்கிலேயரும் 'கோயிங் டு' என்று அதே 'போ' என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது அல்ல. மனித மனம் அப்படி. நாளைய காரியத்தை, நாம் நடந்து போய்ச் சேரும் ஓர் இடமாக மனம் நினைத்துக்கொள்கிறது.

'வில்' வரும் இடம்

'வில்' என்ற சொல் முதலில் காலத்தைக் குறிக்கவில்லை, விருப்பத்தைக் குறித்தது. ஒருவர் தாம் இறந்த பிறகு சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று தம் விருப்பத்தை எழுதி வைக்கும் பத்திரத்தையும் ஆங்கிலத்தில் 'வில்' என்றே சொல்வார்கள். நம் 'உயில்' என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். ஆகவே 'வில்' என்று ஒருவர் சொல்லும்போது, அதற்குள் அவருடைய மனமும் சற்றே கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை மூன்று இடங்களில் பயன்படுத்துகிறோம்.

முதலாவது, பேசிக்கொண்டிருக்கும்போதே எடுக்கும் முடிவு. அடுப்படியிலிருந்து அம்மா, "சீனி முடிஞ்சு போச்சுடா தம்பி" என்கிறார். மகன் உடனே எழுந்து, "நான் போய் வாங்கியாறேம்மா" என்கிறான். இதற்கு ஆங்கிலத்தில் "ஐ வில் பை சம்" என்பதே சரி. அம்மா சொன்ன பிறகுதான் அவனுக்கு அந்த எண்ணம் பிறந்தது.

அதே மகன், "தெரியும்மா, காலையிலேயே பார்த்தேன். கடைக்குத்தான் கிளம்பிக்கிட்டிருக்கேன்" என்று சொன்னால், முடிவு முன்பே எடுத்தாகிவிட்டது. அப்போது "ஐ நோ, ஐ ஆம் கோயிங் டு பை சம்" என்று சொல்ல வேண்டும். சீனியும் ஒன்றுதான், கடையும் ஒன்றுதான். முடிவு எடுத்த நேரம் மட்டும் வேறு.

இரண்டாவது, வாக்குக் கொடுத்தல். "ஐ வில் பே யூ ஆன் சாட்டர்டே." சனிக்கிழமை கொடுத்துவிடுகிறேன் என்று கையடித்துச் சொல்வது இது. "ஐ ஆம் கோயிங் டு பே யூ" என்றால் கொடுப்பதாக எண்ணம் என்ற அளவில் நிற்கும். கடன் கொடுத்தவருக்கு எது இனிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, நம் கருத்தாக ஒன்றைச் சொல்வது. "ஐ திங்க் ஷீ வில் பாஸ்." அவள் தேர்ச்சி அடைவாள் என்று நினைக்கிறேன். இங்கே கையில் ஆதாரம் இல்லை, நம்பிக்கை இருக்கிறது.

'கோயிங் டு' வரும் இடம்

மனத்தில் முன்பே முடிவு செய்துவிட்ட காரியத்துக்கு இது உரியது என்று மேலே கண்டோம். இன்னோர் இடமும் உண்டு: கண் முன்னே அறிகுறி தெரியும்போது.

பால் வெட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியற்காலையில் வானத்தை அண்ணாந்து பார்த்து, கறுத்த மேகத்தைக் கண்டதும், "மழை வரப் போவுது, இன்னைக்கு வெட்டு இல்லே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். "இட் ஈஸ் கோயிங் டு ரெயின்." அறிகுறி தெரிகிறது, ஆகவே 'கோயிங் டு'. வானொலியைக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் மழை பெய்யும் என்று பொதுவாகச் சொன்னால் "இட் வில் ரெயின் நெக்ஸ்ட் வீக்" என்றும் சொல்லலாம்.

ஏற்பாடு முடிந்த காரியம்

முடிவு செய்தது மட்டுமல்ல, ஆள் அம்பு எல்லாம் பேசி ஏற்பாடும் முடிந்துவிட்டது என்றால், நிகழ்காலத்தில் நடப்பதுபோலவே சொல்லிவிடலாம். அக்காளுக்கு ஜூன் மாதத்தில் கலியாணம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, பத்திரிகையும் அச்சடித்தாயிற்று. அப்போது, "மை சிஸ்டர் ஈஸ் கெட்டிங் மேரிட் இன் ஜூன்" என்று சொல்கிறோம். தமிழிலும், "திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன்" என்று சொல்கிறோம் அல்லவா? "ஐ ஆம் சீயிங் தி டாக்டர் ஆன் மண்டே." அட்டையில் தேதி எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது.

இவ்வாறு சொல்லும்போது நாளையோ மாதத்தையோ கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள். "ஐ ஆம் சீயிங் தி டாக்டர்" என்று மொட்டையாகச் சொன்னால், இப்போது டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாகவும் பொருள்பட்டுவிடும்.

கால அட்டவணைப்படி நடப்பதற்கு இன்னும் எளிய முறை உண்டு. "தி பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ்." "ஸ்கூல் ஸ்டார்ட்ஸ் ஆன் மண்டே." இது நம் கையில் இல்லாதது, அட்டவணையில் போட்டபடி நடப்பது.

ஆசையிலிருந்து உறுதி வரை ஏழு படிகள்

பேட்டியில் அமர்ந்ததும் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி, "வாட் ஆர் யுவர் பிளான்ஸ்?" என்பது. உங்கள் திட்டம் என்ன என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் தலையைக் குனிந்துகொண்டு, "ஐ வில் ட்ரை" என்று முடித்துவிடுகிறார்கள். அடக்கமாகப் பேச வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் எதிரே இருப்பவருக்கு, இந்தப் பிள்ளைக்குத் திட்டம் ஒன்றும் இல்லை போலும் என்று படுகிறது.

இதோ, ஏழு படிகள். கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு ஏறுங்கள்.

1. "ஐ வுட் லைக் டு பி எ நர்ஸ்." தாதியாக வேண்டும் என்று ஆசை. மரியாதையான சொல்.
2. "ஐ ஹோப் டு பி எ நர்ஸ்." ஆவேன் என்ற நம்பிக்கை இருக்கிறது.
3. "ஐ ஆம் திங்கிங் ஆஃப் ஸ்டடியிங் நர்சிங்." தாதிமை படிக்கலாமென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
4. "ஐ ஆம் பிளானிங் டு ஸ்டடி நர்சிங்." திட்டம் போட்டுவிட்டேன்.
5. "ஐ இன்டெண்ட் டு ஸ்டடி நர்சிங்." படிப்பதென்றே எண்ணியிருக்கிறேன். எழுத்தில் வரும் கனமான சொல் இது.
6. "ஐ ஹேவ் டிசைடட் டு ஸ்டடி நர்சிங்." முடிவு செய்துவிட்டேன்.
7. "ஐ ஆம் ஸ்டார்ட்டிங் நர்சிங் இன் ஜூலை." இடம் கிடைத்துவிட்டது, ஜூலையில் தொடங்குகிறேன்.

இதில் எந்தப் படியில் நிற்கிறீர்களோ அந்தப் படியின் சொல்லையே சொல்லுங்கள். மூன்றாம் படியில் நின்றுகொண்டு ஏழாம் படியின் சொல்லைச் சொன்னால் பொய்யாகிவிடும். ஏழாம் படியில் நின்றுகொண்டு முதல் படியின் சொல்லைச் சொன்னால் உங்கள் உழைப்பை நீங்களே மறைத்தவர் ஆவீர்கள்.

படிகளைப் பற்றிப் பேசும்போது நம் மக்களின் வரலாற்றிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒன்றாகப் போய்விடும் என்று குடும்பங்கள் கலங்கி நின்றன. தோட்டத்தை நாமே வாங்கினால் என்ன என்பது முதலில் வெறும் ஆசையாகத்தான் இருந்திருக்கும். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைச் சேர்த்தார். பால் வெட்டிச் சம்பாதித்த பணத்தில் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குக்குக் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. "வீ வுட் லைக் டு பை" என்பது "வீ ஆர் பையிங்" ஆனது எதனால்? நடுவில் அந்தப் பத்து வெள்ளி இருந்ததனால்தான். ஆசைக்கும் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இலக்கணத்தில் மட்டும் இல்லை.

நம்மவர் வழக்கமாக இடறும் இடங்கள்

ஒன்று: வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்வது நமக்கு ஆகாது. "போயிட்டு வரேன்" என்போம். இந்த நல்ல பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோய், "ஐ கோ அண்ட் கம்" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் "ஐ ஆம் ஆஃப் நௌ, சீ யூ லேட்டர்" என்றால் போதும். திரும்பி வருவதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால், "ஐ வில் பி பேக்" என்று சொல்லுங்கள்.

இரண்டு: "இஃப் இட் வில் ரெயின், வீ வில் நாட் டேப்" என்பது பிழை. 'இஃப்', 'வென்', 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'அன்டில்' இவற்றின் பின்னால் எதிர்காலம் சொல்ல 'வில்' வராது. "இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் நாட் டேப்." தமிழிலும் பாருங்கள்: "மழை பெய்தால் வெட்டு இருக்காது" என்கிறோம். 'பெய்தால்' என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? இரண்டாவது பாதியில் மட்டும்தான் இருக்கிறது. தமிழ்க் காது சொல்வதைக் கேட்டாலே இந்தப் பிழை வராது.

மூன்று: "ஐ வுட் பி கமிங் டுமாரோ" என்று நம் நாட்டில் படித்தவர்கள்கூட எழுதுகிறார்கள். 'வுட்' போட்டால் மரியாதை கூடும் என்ற நினைப்பு. உண்மையில் 'வுட்' என்றதும் கேட்பவர் மனத்தில், 'ஏதோ தடை இருக்கிறது' என்று தோன்றும். வந்திருப்பேன், ஆனால் முடியவில்லை என்கிற சாயல் அதற்கு உண்டு. நிச்சயமாக வருகிறவர் "ஐ வில் பி கமிங் டுமாரோ" என்றே எழுதட்டும்.

'வுட்' தனக்குரிய இடத்தில் நன்றாகப் பொருந்தும். முன்பு ஒருவர் 'வில்' போட்டுச் சொன்னதை இன்று நாம் எடுத்துச் சொல்லும்போது அது 'வுட்' ஆகும். அன்றைக்கு மேனேஜர் சொன்னது: "வீ வில் ரிப்பேர் தி ரூஃப்." இன்றைக்கு நாம் சொல்வது: "ஹீ செட் தே வுட் ரிப்பேர் தி ரூஃப்." கூரையைச் சரி செய்வோம் என்று சொன்னார்; இன்னும் ஒழுகுகிறது.

நான்கு: 'வோன்ட்', 'வான்ட்' இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் இருக்கும். "ஐ வோன்ட் கோ" என்றால் போக மாட்டேன். "ஐ வான்ட் டு கோ" என்றால் போக விரும்புகிறேன். முன்னதில் 'வோ' என்று வாயைக் குவித்துச் சொல்ல வேண்டும். பின்னதில் 'டு' என்ற சொல்லை விழுங்காமல் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர், "கேன் யூ வர்க் ஆன் சண்டே?" என்று கேட்கும்போது இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஐந்து: மனுக் கடிதத்தின் முடிவில், "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ" என்று எழுதுகிறார்கள். "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்பதே சரி. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆயுள் முழுக்க உதவும்.

'ஷல்' என்ற பழைய சொல்

'வில்' விருப்பத்தைக் குறித்தது என்றேன். 'ஷல்' என்பது பழங்காலத்தில் கடனைக் குறித்தது. அதாவது கொடுக்கக் கடமைப்பட்டிருப்பது. 1653-இல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் ஓர் இலக்கண நூல் எழுதினார். ஆங்கில மொழிக்கு எழுதிய அந்த இலக்கணத்தை அவர் இலத்தீன் மொழியில் எழுதினார் என்பது ஒரு வேடிக்கை. சாதாரணமாக எதிர்காலம் சொல்லும்போது 'ஐ' என்பதோடும் 'வீ' என்பதோடும் 'ஷல்' வரும். மற்றவற்றோடு 'வில்' வரும். இதை மாற்றிப் போட்டால் உறுதியையும் கட்டளையையும் குறிக்கும் என்ற விதியை அதில் அவர் எழுதி வைத்தார். பள்ளிக்கூடங்களில் இதை நீண்ட காலம் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதை வைத்துப் பழைய வாத்தியார்கள் ஒரு கதை சொல்வார்கள். ஆற்றில் விழுந்த ஒருவர், தாம் மூழ்கப் போவதாகவும் தம்மைக் காப்பாற்ற யாரும் வரவில்லை என்றும் சொல்ல நினைத்து, "ஐ வில் ட்ரவுன், நோபடி ஷல் சேவ் மீ" என்று கத்தினாராம். கரையில் நின்ற இலக்கணக்காரர்களோ, "நான் மூழ்கியே தீருவேன், ஒருவரும் என்னைக் காப்பாற்றக் கூடாது என்கிறாரே" என்று விளங்கிக்கொண்டு, அவர் விருப்பப்படியே விட்டுவிட்டார்களாம்!

இன்று பேச்சில் இந்த விதியைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. எல்லா இடத்திலும் 'வில்' சொன்னால் போதும். "ஷல் வீ கோ?" என்று யோசனை கேட்கும் இடத்தில் மட்டும் 'ஷல்' நன்றாக வாழ்கிறது. 'போகலாமா?' என்று பொருள்.

ஆனால் ஓர் இடத்தில் 'ஷல்' இன்றும் பல்லும் நகமுமாக இருக்கிறது. அதுதான் சட்டமும் ஒப்பந்தமும். அங்கே 'ஷல்' என்றால் செய்தே ஆக வேண்டிய கடமை. 'மே' என்றால் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். நம் நாட்டுச் சட்டங்களின் மலாய் வாசகத்தில் 'ஹெண்டக்லா' என்று வருவது இந்த 'ஷல்'தான். 'போலே' என்று வருவது 'மே'. 'அக்கான்' என்பது 'வில்'. 'பெர்ச்சாடாங்' என்று இருந்தால் எண்ணியிருக்கிறோம் என்ற அளவுதான். ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்களுக்கும் மலாய் நன்றாகத் தெரியும். ஆகவே மலாயில் கடிதம் வந்தாலும் இந்த நான்கு சொற்களையும் தேடுங்கள்.

கையில் ஒரு கடிதம் வந்தால்

தோட்டத்தை விற்கப் போவதாகப் பேச்சு. லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு மாற்று வீடு தருவதைப் பற்றி ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா அதை மகளிடம் நீட்டுகிறார்.

"என்னம்மா எழுதியிருக்கு? வீடு உண்டா, இல்லையா?"

"வீடுன்னு எழுதியிருக்குப்பா. ஆனா, தருவோம்னு எழுதலே."

மகள் சரியாகத்தான் படித்தாள். கீழே நான்கு வாக்கியங்கள் தருகிறேன். நான்கிலும் வீடு இருக்கிறது. எதில் வாக்குறுதி இருக்கிறது என்று பாருங்கள்.

"வீ ஹோப் டு பில்ட் ஹவுசஸ் ஃபார் தி வொர்க்கர்ஸ்." கட்ட முடியும் என்று நம்புகிறோம். நம்பிக்கை மட்டும்.

"வீ இன்டெண்ட் டு பில்ட் ஹவுசஸ் ஃபார் தி வொர்க்கர்ஸ்." கட்ட எண்ணியிருக்கிறோம். எண்ணம் நாளை மாறலாம்.

"வீ வில் பில்ட் ஹவுசஸ் ஃபார் தி வொர்க்கர்ஸ்." கட்டுவோம். இது வாக்கு. ஆனால் எத்தனை வீடு, எங்கே, எப்போது?

"தி கம்பெனி ஷல் பில்ட் ஃபார்ட்டி ஹவுசஸ் ஆன் திஸ் லேண்ட் பிஃபோர் தி தர்ட்டி-ஃபர்ஸ்ட் ஆஃப் டிசம்பர் நெக்ஸ்ட் இயர்." அடுத்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் இந்த நிலத்தில் 40 வீடுகளைக் கம்பெனி கட்டியே ஆக வேண்டும். இதில் யார், என்ன, எத்தனை, எங்கே, எப்போது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை இருக்கிறது.

இன்னும் சில சொற்றொடர்கள் வாக்கியத்தின் ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். 'இன் டியூ கோர்ஸ்' என்றால் உரிய காலத்தில். அந்தக் காலம் எது என்று சொல்லவில்லை. 'வேர் பாசிபிள்' என்றால் முடிந்த இடத்தில். முடியவில்லை என்றும் பிறகு சொல்லலாம். 'சப்ஜெக்ட் டு அப்ரூவல்' என்றால் அனுமதி கிடைத்தால். யாருடைய அனுமதி என்று கேட்க வேண்டும். இவற்றைப் பார்த்தவுடன் ஏமாற்று என்று எண்ணிவிடாதீர்கள். சில நேரங்களில் அரசாங்க அனுமதி இல்லாமல் கட்டவே முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் அங்கே இருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? சண்டைக்குப் போக வேண்டியதில்லை. மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: "வுட் யூ பிளீஸ் கன்ஃபர்ம் தி நம்பர் ஆஃப் ஹவுசஸ் அண்ட் தி டேட்?" வீடுகளின் எண்ணிக்கையையும் தேதியையும் உறுதிப்படுத்துவீர்களா என்று பொருள். இங்கே 'வுட்' சரியான இடத்தில் நிற்கிறது. பணிவாகக் கேட்கும் இடம் அது.

வாயால் சொன்ன வாக்காக இருந்தால், அன்றைய தேதி போட்டு, யார் முன்னிலையில் யார் சொன்னார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கடிதமாக இருந்தால் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ சட்ட உதவி இலாகாவிடமோ காட்டுங்கள். ஒரு சொல்லை மட்டும் வைத்து வழக்கு முடிந்துவிடாது. முழுக் கடிதத்தையும் பின்னணியையும் பார்க்க வேண்டும். அதற்கு அவர்களே தகுந்தவர்கள். வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1990-ஆம் ஆண்டிலிருந்து 446-ஆவது சட்டம் என்று தனிச் சட்டமே இருக்கிறது. 2019-இல் அதைத் திருத்தி விரிவாக்கினார்கள். ஆகவே கேட்பது தவறு என்று யாரும் கூச்சப்பட வேண்டாம்.

நமக்கும் அதே கயிறுதான்

நிர்வாகத்தின் 'ஷல்' நமக்கு நன்மை என்றால், நாம் கையெழுத்துப் போடும் தாளில் உள்ள 'ஷல்' நமக்குச் சுமை. மோட்டார் சைக்கிளைத் தவணைக்கு எடுக்கிறோம். தாளில் "தி ஹையரர் ஷல் பே" என்று இருக்கும். வாடகைக் கொள்முதலில் 'ஹையரர்' என்பது வேறு யாரும் அல்ல. கையெழுத்துப் போடுகிற நாம்தான். மாதா மாதம் கட்டியே ஆக வேண்டும் என்று பொருள். மகனுக்காகவோ மைத்துனருக்காகவோ ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர்கள், 'தி கேரண்டர் ஷல் பே' என்ற வாக்கியத்தைத் தேடிப் படித்துவிட்டுப் பிறகு பேனாவைத் திறவுங்கள். கேரண்டர் என்றால் ஜாமீன்காரர்.

கடிதம் எழுதும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும். நிச்சயம் கட்ட முடியும் என்றால், "ஐ வில் பே ஒன் ஹண்ட்ரட் ரிங்கிட் எவ்ரி மன்த்" என்று எழுதுங்கள். நிச்சயம் இல்லையென்றால், "ஐ ஹோப் டு பே" என்று எழுதுவதே நேர்மை. சொல்லைக் காப்பாற்ற முடிகிற அளவுக்குச் சொல்வது தமிழிலும் நல்ல பழக்கம். ஆங்கிலத்திலும் நல்ல பழக்கம்.

பயிற்சி

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் பெரியவர்களைக் கேட்கட்டும். பெரியவர்கள் பிள்ளைகளைக் கேட்கட்டும். விடையைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

1. தொலைபேசி மணி அடிக்கிறது. "நான் எடுக்கிறேன்" என்கிறீர்கள்.
2. அந்த மரம் விழப் போகிறது! வேர் பெயர்ந்துவிட்டது.
3. தம்பி வெள்ளிக்கிழமை பினாங்குக்குப் போகிறான். டிக்கெட் வாங்கிவிட்டான்.
4. அப்பா வந்ததும் சாப்பிடுவோம்.
5. அடுத்த ஆண்டு தையல் வகுப்பில் சேரத் திட்டமிட்டிருக்கிறேன்.
6. தண்ணீர்க் குழாயைப் பழுது பார்ப்பதாக அவர் சொன்னார்.

விடைகள்:

1. "ஐ வில் ஆன்சர் இட்." மணி அடித்த பிறகு எடுத்த முடிவு.
2. "தட் ட்ரீ ஈஸ் கோயிங் டு ஃபால்!" அறிகுறி கண் முன்னே தெரிகிறது.
3. "மை பிரதர் ஈஸ் கோயிங் டு பினாங் ஆன் ஃப்ரைடே." ஏற்பாடு முடிந்துவிட்டது.
4. "வீ வில் ஈட் வென் ஃபாதர் கம்ஸ்." 'வென்' பின்னால் 'வில்' வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.
5. "ஐ ஆம் பிளானிங் டு ஜாயின் எ சூயிங் கிளாஸ் நெக்ஸ்ட் இயர்."
6. "ஹீ செட் ஹீ வுட் ரிப்பேர் தி வாட்டர் பைப்."

நான்கு சரியாக இருந்தால் நன்று. ஆறும் சரியாக இருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.

இன்னொரு வேலையும் தருகிறேன். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் இந்த ஆண்டு முடிவதற்குள் செய்ய நினைக்கும் ஒரு காரியத்தை ஆங்கிலத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். ஏழு படிகளில் எந்தப் படியில் இருக்கிறீர்களோ அந்தப் படியின் சொல்லைப் போடுங்கள். அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். மாதம் ஒரு முறை எடுத்து, ஒரு படியாவது மேலே ஏறியிருக்கிறோமா என்று பார்த்து, சொல்லை மாற்றி எழுதுங்கள். பாட்டியையும் விட்டுவிடாதீர்கள். அவர் தமிழில் சொல்லட்டும். பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதட்டும்.

அடுத்த இதழில் 'கேன்', 'குட்', 'மே', 'மஸ்ட்' என்ற நான்கு சொற்களைப் பார்ப்போம். "வீ வில் மீட் அகெய்ன்" என்றே எழுதுகிறேன். 'ஹோப்' என்று எழுதவில்லை.

வணக்கம்.